லாபம் முதல் பன்னிரண்டு வரை

"ஆனி, திங்கள். ஆவடி. பம்பு இரண்டு பார்த்தது. குழந்தை விரலில் ஒன்று லாபம் முதல் நாலு. ஒன்று லாபம் முதல் பன்னிரண்டு. பன்னிரண்டே எடுத்தது."

என் மாமாவின் சட்டைப்பை நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கும் வரிகள் இவை. தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. யுத்தம் முடிந்திருந்தது, சுதந்திரம் வரவில்லை, ஆகவே 1946 அல்லது 1947. எனக்கு அப்போது முன்பல் இரண்டும் இல்லை என்பது நன்றாக நினைவிருப்பதால் 1946 என்று கொள்கிறேன். அதில் சொல்லப்படும் குழந்தை நான்தான்.

'லாபம்' என்பதை விளக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். பிறகு ரெண்டு, மூணு என்று போகும். களத்தில் வளர்ந்த மாமாவுக்கு எதை எண்ணினாலும் அப்படித்தான் வரும்.

மாமா அம்மாவின் தம்பி. சென்னீர்குப்பத்தில் எங்களோடு இருந்தார். எங்கள் ஊரிலேயே முதல் பிக்கப் வண்டி அவருடையது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. பூவிருந்தவல்லித் தோட்டங்களின் மல்லிகைக் கூடைகளை ஏற்றி, வெயில் ஏறுமுன் பட்டணத்துப் பூக்கடைக்குக் கொண்டுபோவது வேலை. தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து என்ஜினுக்குத் தரும் பம்பு ஒரே வாரத்தில் இரண்டு முறை வழியில் கையை விரித்தது. இரண்டு முறையும் மல்லிகை கூடையிலேயே மலர்ந்து வாடிற்று. தோட்டக்காரர்களில் மூத்தவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"புதங்கெழமையும் நின்னுச்சின்னு வையி, எங்க மாட்டு வண்டியே மேலு. ஒன் வண்டில கோழி அடைச்சிக்க."

கூடைகள் போனால் வண்டியும் போகும். மாமா அன்று சாப்பிடவில்லை.

பட்டாளம் கழித்துவிட்ட சாமான்களை ஆவடியில் ஏலத்தில் எடுத்து, கொட்டகை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பம்பு அங்கே கிடைக்கும், நல்லதா என்று பார்த்து வாங்குவதுதான் சங்கடம். மாமாவிடம் ஒரு சோதனை இருந்தது. பம்பின் உறிஞ்சும் வாயை விரலால் இறுக்க மூடிக்கொண்டு அதன் நெம்புகோலை அழுத்தி விடவேண்டும். உள்ளே இருக்கும் சவ்வும் வால்வும் சரியாக இருந்தால் வாய் விரலைக் கவ்வும். எத்தனை எண்ணும்வரை கவ்வுகிறதோ அவ்வளவு நல்ல பம்பு. மாமாவின் விரல்களோ ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கைப்பிடி அடித்து அடித்து வெடித்துக் காய்த்தவை. காற்றை நிறுத்தாது. கடைக்காரன் விரலை நம்ப முடியாது. ஆகவே என் கட்டைவிரலைக் கேட்டார்.

"பொட்டப்புள்ளய ஆயில்ல முக்கி எடுக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"வெரலு மட்டும்தான்க்கா" என்றார் மாமா.

சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நான் வழிநெடுகக் கட்டைவிரலை வெயிலில் படாமல் மடித்து வைத்திருந்தேன், ஏதோ அது உருகிவிடும் என்பதுபோல.

கொட்டகையில் என் உயரத்துக்குப் பம்புகள் குவிந்திருந்தன. கடைக்காரர் பட்டணத்துக்காரர், பெரிய மீசை.

"இன்னா நைனா, பம்பு வாங்க பாப்பாவ இட்டுகினு வந்துகீறே?"

மாமா அலசி இரண்டை எடுத்தார். ஒன்று மெழுகுத்தாள் பிரிக்காத புதிது. மற்றது ஏதோ வண்டியில் ஓடிக் கழற்றிய, கறுப்பு மசகு அப்பியது. முதலில் புதிதின் வாயில் என் விரலை வைத்தேன். மாமா நெம்புகோலை அழுத்திவிட்டு எண்ணினார். "லாபம்…"

கடைக்காரர் துள்ளினார். "துட்டே குடுக்கல, அதுக்குள்ள இன்னா லாபம்?"

எனக்குச் சிரிப்பு வந்து விரல் ஆடியது. மறுபடி எண்ணினார். நாலில் விட்டுவிட்டது. மாமாவின் முகம் சுருங்கியது. கடைக்காரர் டப்பாவிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "துன்னு பாப்பா. அப்பால அத்தப் பாரு." பல் இல்லாத வாயில் கமர்கட்டை அடக்குவது லேசான காரியமில்லை. கட்டைவிரலால் தள்ளித் தள்ளித்தான் ஒதுக்கினேன்.

பிறகு மசகுப் பம்பு. லாபம், ரெண்டு, மூணு… அது என் விரலைப் பிடித்த பிடி! ஏழு, எட்டு. மாமாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டில்தான் மெல்ல விட்டது. அந்தப் பம்புக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றே நம்பினேன்.

மாமா அதை வாங்கி என் மடியில் வைத்தார். வீடு வரும்வரை அதன் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே வந்தேன்.

இரவு பம்பை வாசல்படியில் துணி விரித்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் அதன் வாயைச் சுற்றி எறும்புகள். பெட்ரோல் வாசனைக்குக் கூட எறும்பு வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமா குனிந்து நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். சாயங்காலம் திரும்பியபோது எனக்கு இரண்டு கமர்கட்டு கொடுத்தார்.

புதன் விடியலில் கூடைகள் ஏறின. மூத்த தோட்டக்காரரே பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், வண்டி நிற்பதைத் தம் கண்ணாலேயே பார்க்க. நான் முன்னால். என்ஜின் மூடியைத் திறந்தபோது பம்பு பளபளவென்றிருந்தது. மாமா விடிய விடியத் தேய்த்திருக்கிறார் என்று பெருமைப்பட்டேன். வண்டி கிளம்பியது. முன்பு நின்ற முதல் இடம் வந்தது, போனது. இரண்டாவது இடமும் போனது. மாட்டு வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். பின்னாலிருந்து தோட்டக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து வீசிக்கொண்டு, "உடு மச்சான், உடு!" என்று கத்தினார்.

"என் பன்னெண்டு ஓடுது மாமா!"

"ஆமாம்மா. ஒன் வெரலுதான் இழுக்குது" என்றார் மாமா, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பூக்கடையில் கூடைகளை இறக்கியபோது மல்லிகை இன்னும் மொட்டாகவே இருந்தது. அந்தப் பம்பைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்று பள்ளியிலும், பிறகு புகுந்த வீட்டிலும், பேரப்பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

நோட்டில் அந்தப் பக்கமும் அடுத்ததும் மசகில் ஒட்டிக்கொண்டிருந்தன. போன மாதம்தான் ஆவி காட்டிப் பிரித்தேன்.

"செவ்வாய். பம்பு வாயில் எறும்பு. கமர்கட்டுப் பிசுக்கு. மறுபடி ஆவடி. மெழுகுத்தாள் பம்பு எடுத்தது. உள்ளே காய்ந்திருந்தது, பெட்ரோலில் ஊறவைத்து நாக்கு நுனியில் பார்த்தது. லாபம் முதல் பத்தொன்பது. அதையே மாட்டியது. குழந்தைக்குத் தெரிய வேண்டாம்."

கடைக்காரர் கமர்கட்டைக் கொடுத்தது என்மேல் இருந்த பிரியத்தாலா, மசகுப் பம்பைத் தள்ளிவிடவா என்று நோட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமைக் கமர்கட்டு இரண்டும் அவர் கொடுத்தனுப்பியவையா, மாமா வாங்கியவையா என்பதும் இல்லை. விசாரிக்க இப்போது யாரும் இல்லாததால், இரண்டையும் சரிபார்க்கப்படாதவை என்றே குறித்து வைக்கிறேன்.