பழுப்புப் பென்சில்

ஜெயமலருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே ஹூஸ்டன் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. 1985-இல் அந்த வரைபட நிறுவனத்தில் அவளுக்குச் சின்ன வேலைதான். விமானத்திலிருந்து எடுத்த காட்டுப் படங்களைப் பார்த்து வரைபடத்தில் கலர் பென்சிலால் தீட்ட வேண்டும். உயிருள்ள மரத்துக்குப் பச்சை, செத்ததற்குப் பழுப்பு. டெக்சாஸ் பைன் காடுகளை அப்போது வண்டு அரித்துக்கொண்டிருந்தது. படத்தில் மரத்தின் தலை சிவந்திருந்தால் அது செத்தது. மேலாளர் ஹாரிஸின் கணக்கு அவ்வளவுதான்.

அதே கணக்கை மனிதர் ஆப்பிரிக்காவில், சாம்பியாவிலிருந்து வந்த படங்களுக்கும் போட்டுவிட்டார். காடு முழுக்கச் சிவப்பு. செத்த காடு என்று அறிக்கை போனால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு யூகலிப்டஸ் நடுவார்கள்.

ஜெயமலர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் ஐந்து வருடம் சாம்பியாவில் படிப்பித்தவள். அந்த மரங்கள் மழைக்கு முன்பே, செப்டம்பரில், நம் மாமரம் போலச் சிவக்கச் சிவக்கத் தளிர்விடும். அது தெரிந்தும் நான்கு தாள்களைப் பழுப்பாகத் தீட்டிவிட்டாள்.

ஹூஸ்டனை அடுத்த கேட்டியில், வீட்டில் சொன்னபோது கணவர் அரியரட்ணம் பதறினார். "நீர் பேசாமல் கலரை அடியும். கிரீன் கார்ட் பேப்பர் அவன்ர கையில கிடக்கு."

"அது உயிரோட நிக்கிற காடப்பா. செத்ததெண்டு நான் எப்பிடிக் கீறுறது?"

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். வியாழன் காலை ஹாரிஸின் மேசை முன் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிரவே இல்லை.

"ஜெயா, நான் முப்பது வருடமாகச் செத்த மரம் பார்க்கிறவன்."

அவள் கைப்பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து வைத்தாள். மகள் அமலி வளர்வதை ஊரிலிருந்த அம்மாவுக்குக் காட்ட, சாம்பியாவில் ஒரே மரத்தடியில் எடுத்தவை. ஒன்றில் மரம் செக்கச்செவேல் என்றிருந்தது. மற்றதில் அதே மரம், அதே கவட்டைக் கிளையோடு, கரும்பச்சையாக.

"முதலில் பச்சையாக இருந்திருக்கும். பிறகு செத்திருக்கும்," என்றார் ஹாரிஸ்.

"மரத்தை விடுங்கள். குழந்தையைப் பாருங்கள்."

சிவந்த மரத்தடியில் அமலி ஞானஸ்நான உடுப்பில் கைக்குழந்தை. பச்சை மரத்தடியில் தானாகவே உட்கார்ந்து, இரண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹாரிஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத்தம் எத்தனை தாள்?"

"பதினொன்று."

"எல்லாவற்றையும் அழி."

கிரீன் கார்ட் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பழுப்புப் பென்சில் லேசில் போகாது. மற்றவர்கள் தீட்டிய ஏழையும் ஒதுக்கிவிட்டு, தன் நான்கு தாள்களைத்தான் முதலில் எடுத்துத் தேய்த்தாள். தெரிந்தே தீட்டிய வெட்கம், தாள் வெளுத்த பிறகும் போகவில்லை.