ஆயுள் பரியந்தம்

தொண்டியில் நான் குடியிருக்கும் வீடு என்னுடையதுதான். ஆனால் உயிரோடு இருக்கும் வரைக்கும் மட்டும். விற்கவோ, அடமானம் வைக்கவோ, மகள் பேருக்கு மாற்றவோ எனக்கு உரிமையில்லை. என் காலத்துக்குப் பிறகு அது தம்பிக்கு. எங்களைப் பெற்ற அய்யா அப்படித்தான் எழுதிவைத்தார். பத்திரத்தில் இதற்கு ஆயுள் பாத்தியம் என்று பெயர்.

என்மேல் பிரியமில்லாமல் அவர் அப்படிச் செய்யவில்லை. கல்யாணத்தின்போது எனக்குச் சீதனமாக ஒரு தென்னந்தோப்பைக் கொடுத்திருந்தார். மகள் பிறந்த கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்கு விசைப்படகில் பங்கு போடும் ஆசை வந்தது. தோப்பை விற்கலாம் என்றார். அது அய்யா எனக்குக் கொடுத்ததாயிற்றே என்றேன்.

“ஒன்னையவே எனக்குத்தான தாரை வாத்துக் கொடுத்தாக. தோப்பு மட்டும் தனியா யாருக்காம்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் கையெழுத்துப் போடும்வரை வீட்டில் சாப்பிடவில்லை. மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பத்திரத்தில் என்னை எழுதிக்கொடுப்பவர் என்று போட்டிருந்தார்கள். அய்யா கொடுத்த பத்திரத்தில் இன்னார் மகள் என்று இருந்தவள், இதில் இன்னார் மனைவி ஆகியிருந்தேன். அலுவலர் என்னைப் பார்த்து, “சம்மதம்தானேம்மா?” என்றார். “அவளுக்கு எல்லாம் தெரியும் சார்” என்று என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிட்டார்.

பத்திரம் எழுதியவர் கடைசி வரிகளைச் சத்தமாக வாசித்தார். ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ அர்த்தம் கேட்டேன். “வாங்குனவரு இனிமே அத யாருக்கும் சும்மாவும் கொடுக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம்மா. கேள்வி கேக்க ஆள் கிடையாது” என்றார். எனக்குக் கொடுத்த சீதனப் பத்திரத்திலும் அதே வரி இருந்ததாம். தோப்பு கையைவிட்டுப் போகிற நாளில்தான் அது எனக்குத் தெரிந்தது.

படகுப் பங்கும் நிலைக்கவில்லை. பங்காளிகளுக்குள் தகராறு வந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் அய்யா கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த இந்த வீட்டை என் பேருக்கு எழுதினார். வீட்டில் உட்கார்ந்து தானே வாசித்துக் காட்டினார். ‘உன் ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. தானாதி விநிமய விக்கிரயங்களுக்குப் பாத்தியதை கிடையாது.’

“எனக்குப் பின்னால பேத்திக்குன்னு எழுதலாமேய்யா” என்றேன்.

“சின்னப்பிள்ளைக்கு எழுதுனா கார்டியன்னு அவந்தான் முன்னால வந்து நிப்பான். ஒந்தம்பிக்கின்னு இருந்தா எவனும் வாங்க வரமாட்டான்.” பிறகு என் தலையில் கை வைத்தார். “ஒன்னையப் பூட்டல தாயி. அவனத்தான் பூட்டுறேன்.”

அப்போது எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். என் வீட்டுக்காரர் பத்திரத்தைப் படித்துவிட்டு, “மாமனாரு நம்மள நல்லா தெரிஞ்சு வச்சிருக்காரு” என்று மட்டும் சொன்னார். பிறகு சாகும்வரை இந்த வீட்டில்தான் இருந்தார். ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்றாலும், “ஒன் தம்பியக் கேட்டுட்டு அடி” என்பார். முதலில் அய்யா போனார், பிறகு அவரும் போய்விட்டார். யாருக்குப் பயந்து அப்படி எழுதினாரோ அந்த ஆள் இல்லை. பத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

பால்வாடி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் வீட்டையே பார்க்கும்படி ஆயிற்று. உப்புக்காற்று கம்பிகளைத் தின்றுகொண்டிருந்தது. அடுப்படிக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பழுது பார்க்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். “உங்களுக்கு விக்கிற உரிமை இல்லையேம்மா, நாங்க எத நம்பிக் கொடுக்கிறது?” என்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், “எப்படியாவது வித்துட்டு இங்க வந்துரும்மா. பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்கிரலாம்” என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் தம்பியே வந்தான். அவனுக்கு அபிராமத்தில் உரக்கடை. கல்யாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள். துபாயிலிருந்து வந்த ஒருவர் லாட்ஜ் கட்ட இடம் தேடுகிறார், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் விற்கலாம் என்றான். எனக்குக் காற்று வந்த மாதிரி இருந்தது. வக்கீலைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் அவனோடு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, “சேந்து விக்கலாம், தடையில்ல. பங்குதான் கேள்வி” என்றார். “அக்காவுக்கு உள்ளது உசுரோட இருக்கிற வரைக்கும் உள்ள அனுபவம். இன்னும் எத்தன வருசத்துக்குன்னு பாத்து அதுக்கு ஒரு மதிப்புப் போடணும். உங்களுக்கு வயசு என்னம்மா?”

சொன்னேன்.

“ஒடம்புக்கு ஏதும் இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான். “சுகர் இருக்கு சார். ரொம்ப நாளா. போன மழைக்கு நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது.”

வக்கீல் குறித்துக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு இருந்தவன் அவன்தான். இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டவனும் அவன்தான். இப்போது என் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒவ்வொன்றுக்கும் என் பங்கு குறையும் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தம்பி என் பின்னாலேயே வந்தான். “உள்ளதத்தானக்கா சொன்னேன்.”

“நான் எப்பச் சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்கியாடா?”

அவன் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “பாக்க வச்சிட்டாருல்ல அய்யா. எம்பொண்டாட்டி கேக்குறா, அக்கா எப்படி இருக்காகன்னு. அவ அக்கறையாத்தான் கேக்குறாளா, இல்ல வேற எதுக்காகவுமான்னு எனக்கே தெரியல. நான் முந்திச் செத்தா எம்பிள்ளைகளும் ஒன்னைய இப்படித்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால முடியலக்கா.”

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதன் பிறகு வெகுநாள் பேச்சில்லை. மருந்துச் சீட்டை எடுக்கும்போதெல்லாம் வக்கீலின் பேனாதான் கண்முன் வந்தது. இருமல் வந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அடக்கிக்கொண்டேன், கேட்டால் அபிராமத்துக்குச் சொல்லிவிடுவார்கள் என்று.

ஐப்பசி மழையில் அடுப்படிக் கூரை ஒரு பக்கம் விழுந்தது. நான் முன்னறையில் இருந்ததால் அடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் பண்ணியதில், மதியத்துக்குள் தம்பி வந்து நின்றான். நனைந்த சட்டையோடு இடிபாட்டுக்குள் நுழைந்து, நசுங்கிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, “ஆளுக்குப் பாதின்னு முடிச்சுக்கிரலாம்க்கா. வயசு, நோவு எதுவும் வேணாம்” என்றான்.

“சரி” என்றேன்.

என் முன்னாலேயே அந்த துபாய்க்காரருக்குப் போன் போட்டான். அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வேறு இடம் வாங்கி வேலையும் தொடங்கிவிட்டாராம். அதற்கப்புறம் வந்த யாரும் இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி வரவில்லை. ஆயுள் பாத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். “பின்னால வில்லங்கம் வரும்” என்கிறார்கள்.

இப்போது முன்னறையிலேயே சமைக்கிறேன், அங்கேயே படுக்கிறேன். தம்பி மாதம் தவறாமல் வருகிறான். இடிந்த பக்கத்துக்குத் தகரம் அடித்துக் கொடுத்திருக்கிறான். வந்ததும், “எப்படிக்கா இருக்க?” என்பான். நல்லா இருக்கேன் என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவனும் அந்த நேரத்தில் தரையைத்தான் பார்க்கிறான்.