கோலுக்கு ஒரு குச்சி, அடிக்கு ஒரு குச்சி

வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுவில் குறைகள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் விதி. தவணை முறையில் குறை சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது மனப்பாடம். விதிகளை மனப்பாடம் செய்வதில் நான் கெட்டிக்காரன். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

போன மாதம் என் மகள் மாடியில் ஓர் அறை எடுப்பதற்காக, கம்ப்யூட்டரில் வீடு வரையும் மென்பொருள் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சுவர்கள் ஒழுங்காக எழும்பி நின்றன. கூரைதான் கல்யாணப் பந்தல் மாதிரி பக்கத்து வீட்டையும் சேர்த்து மூடியிருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை.

"இதோட மூணாவது தப்புப்பா. ஒண்ணைச் சரி பண்ணினாத்தான் அடுத்ததைச் சொல்லுது. மொத்தமா சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்றாள்.

"கூரை எந்த அளவுல இருக்குன்னு பாரு" என்றேன். பார்த்தாள். சுவர்களை மீட்டரில் போட்டிருந்தாள். வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டிய கூரை அடிக் கணக்கு. இயந்திரம் அடியையும் மீட்டராகவே படித்துவிட்டது.

"எப்படிப்பா ஒரே நொடியில கண்டுபிடிச்சீங்க?"

காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு பஞ்சாயத்து ஆபீஸில் நான் ஓவர்சியர். பிறந்தது வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்தில். படித்தது மலையிறங்கி வந்து தமிழ்நாட்டில், டிப்ளமோ. டெர்லின் சட்டை, பையில் பெருக்கல் வகுத்தல் போடும் ஸ்லைடு ரூல். கூட்டல் கணக்குக்குக்கூட அதை வெளியில் எடுத்து இழுத்துப் பார்ப்பேன். எதிரில் நிற்பவர் அதைப் பார்க்கிறாரா என்றும் பார்ப்பேன்.

ஆபீஸுக்கு ஒரு வாசனை உண்டு. நீலப் பிரதிகளின் அமோனியா நெடி பாதி; சந்தை நாளில் வாசல் வரை அடுக்கிய நிலக்கடலை மூட்டைகளின் மண்வாசம் பாதி. இன்றும் எங்கேயாவது பச்சைக் கடலை வேகிற வாசனை வந்தால் எனக்கு மூக்கு எரிகிற மாதிரி இருக்கும். கூடவே வள்ளியம்மாள் ஞாபகம் வரும்.

வள்ளியம்மாளின் கணவர் நாச்சிமுத்து தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். முந்தைய வருட மழையில் அவர்கள் வீட்டின் சுவர் சரிந்துவிட்டது. மாட்டுச்சாளையில் ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் அவர் கட்டில். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குள் புது வீட்டுக்குக் கூரை போட்டாக வேண்டும். மரம் வாங்கியாயிற்று, செங்கல் இறக்கியாயிற்று. அனுமதிதான் பாக்கி.

முதல் தடவை, பிளானில் வடக்குத் திசை குறிக்கப்படவில்லை என்று திருப்பினேன். இரண்டாம் தடவை, சமையலறை ஜன்னல் சிறிது என்றேன். அன்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க சார், கொறையெல்லாம் ஒட்டுக்கா சொல்லிப்போடுங்க. ஒவ்வொரு தடவைக்கும் அவரத் தனியா உட்டுப்போட்டு வரோணுமுங்க."

"முதல்ல இதைச் சரி பண்ணிட்டு வாங்கம்மா. அப்புறம் பாக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்றாவது குறை எனக்கே பிடிபடவில்லை, அதனால்தான். அந்த எல்லைப்புறத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு ஊர்க் கை. சுவர் வைக்கிற கொத்தனார் பொள்ளாச்சிக்காரர், அவருக்கு அடி. கூரை கூட்டுகிற ஆசாரி சித்தூர்ப் பக்கத்து மலையாளி, அவருக்குக் கோல். இருவர் சொன்ன அளவையும் கடைவீதியில் பிளான் வரைபவர் அப்படியே ஒரே படத்தில் எழுதிவிடுவார். ஆபீஸில் நான் எல்லாவற்றையும் மீட்டராக்கிச் சரிபார்க்க வேண்டும். கோல் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கேட்டால் மானம் போய்விடும். தோட்டத்தில் துரைமார் சொல்லும் கெஜம் மாதிரி இருக்கும் என்று நானே முடிவு செய்து, கோலுக்கு மூன்று அடி என்று போட்டேன். ஸ்லைடு ரூலில் சுத்தமாக விடை வந்தது. கூரை சுவரை விட்டு எங்கோ வெளியே போய் நின்றது.

மூன்றாம் தடவை அதைச் சொல்லித் திருப்பினேன். கூரை சுவரில் உட்காராது.

நாலாம் நாள் வள்ளியம்மாள் பஸ்ஸில் முறம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முறத்தில் ஒரு வீடு. படுக்கையில் கிடந்தபடியே நாச்சிமுத்து சோளத்தட்டையில் செய்தது. தட்டையின் தோலைச் சீவி ஊசியாக்கி, உள்ளிருக்கும் நெட்டியில் குத்திக் குத்தி இணைத்திருந்தார். கூரை தனியாகக் கழன்று வந்தது. அந்த அம்மாள் அதை எடுத்து, மறுபடி சுவர்மேல் வைத்தார். பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது.

"உக்காருதில்லீங்க?"

ஆபீஸே எழுந்து வந்து பார்த்தது. ஹெட் கிளார்க் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "எந்தா ஓவர்சியரே, உங்க கூரைதான் காத்துல பறக்குது. இவங்க கூரை இரிக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"விளையாட்டுச் சாமானையெல்லாம் வெச்சு அனுமதி குடுக்க முடியாதும்மா."

"வெளையாட்டில்லீங்க சார். கணக்கா வெட்டினதுங்க. இதப் பாருங்க, ஆசாரி கோலுக்கு ஒரு குச்சி, அடிக்கு ஒரு குச்சி. ரெண்டையும் நூல்ல கட்டிக் குடுத்திருக்காரு. அளந்து பாக்கச் சொன்னாருங்க."

இரண்டு குச்சிகளும் என் மேஜைமேல் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். பெரியது சின்னதைப் போல மூன்று மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும். நான் தொடவில்லை. பேனாவை எடுத்து, "அங்கீகரிக்கப்படாத அளவுமுறை, மேலிடத்தின் தெளிவுரை தேவை" என்று குறிப்பெழுதி, கோப்பை மேலாபீஸுக்கு அனுப்பிவிட்டேன். அழகான கையெழுத்து எனக்கு.

"எப்பங்க பதில் வரும்?"

"வரும்போது வரும்."

இதோடு முடிந்திருந்தால் அறியாப் பையன் செய்த தப்பு என்று என்னை நானே மன்னித்திருப்பேன். பத்து நாள் கழித்து, டீக்கடைக்கு எதிரே ஒரு ஆசாரி உத்திரம் அளந்துகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்று, அவர் கோலின்மேல் என் டேப்பை நீட்டினேன். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். டீ குடித்து முடிப்பதற்குள் மனக்கணக்கிலேயே நாச்சிமுத்துவின் கூரை வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டது.

மேலாபீஸுக்கு ஒரு வரி எழுதி அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அதற்கும் விதி உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரி ஹெட் கிளார்க் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். அவர் படிப்பார், மூக்குப்பொடி எடுப்பார். மேலிடத்துக்குப் போன விஷயத்தில் பதில் வரும்வரை கீழே யாரும் கை வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மழை வந்தது. குடையில்லாமல், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வள்ளியம்மாள் ஒருநாள் வந்தார்.

"பதில் வந்துச்சுங்களா?"

"வரலை."

"சாளையில கட்டலுக்கு அடியில தண்ணி போகுதுங்க. அவரு ஒண்ணுஞ் சொல்றதில்ல. நீங்க ஒரு கடுதாசி போட்டுக் கேட்டா ஆகாதுங்களா?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. மாட்டுக்கு வைத்தியம் தெரியாத வைத்தியரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "செரிங்க சார்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு கூண்டு வண்டி பொள்ளாச்சி ரோட்டில் போனது. உள்ளே வைக்கோல்மேல் நாச்சிமுத்து, பின்னால் நடந்தபடி வள்ளியம்மாள், வண்டிக் கட்டையில் கட்டிய மாடு. வள்ளியம்மாளின் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பியூன் சொன்னான். நான் தலையைக் குனிந்து ஒரு கோப்பைப் புரட்டினேன். எந்தக் கோப்பு என்று ஞாபகமில்லை. ஆடி கடைசியில், அங்கேயே நாச்சிமுத்து காலமாகிவிட்டார். அதையும் பியூன்தான் சொன்னான்.

வாங்கிய மரமும் செங்கல்லும் வேறு யாரோ வீட்டுக்குப் போயின. அந்த நிலத்தை உழுது கடலை போட்டார்கள், பிறகு தென்னை வைத்தார்கள். இப்போது அங்கே செங்கல் சூளை என்று கேள்வி. கோல் பிடித்து அளக்கும் ஆசாரிகள் அந்தப் பக்கம் இல்லை. நீலப் பிரதி இல்லை. ஓடு வேய்ந்த அந்த ஆபீஸ் கட்டடத்தையும் இடித்தாயிற்று. என் டேப் நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் இருந்தது, பிறகு எங்கோ தொலைந்தது.

மேலாபீஸ் பதில் நாலே வரி. கோல் என்பது எழுபத்திரண்டு சென்டிமீட்டர். இது அந்தப் பகுதியில் எல்லாரும் அறிந்தது. ஓவர்சியரே முடிவு செய்திருக்கலாம். இதற்குத் தெளிவுரை தேவையில்லை. வந்து சேர்ந்தது, ஆவணியில், ஓணம் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த திங்கட்கிழமை, காலைத் தபாலில்.