நிலம் பார்த்த என்னை நிமிர்த்திய அக்கா

எங்கள் அக்காவின் ஓராண்டு நினைவாக வெளியிடும் இம்மலரைக் கையில் எடுக்கும் உற்றார் சிலர், “அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி உனக்கு எப்படி அக்கா?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தித் தோட்டக் கூலிகளின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் நிறுவனத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியல் கிளைக்குத் தலைவியாக வந்தார். அந்தக் கதிரையில் அவருக்கு முன் கறுப்பினத்தவர் எவரும் இருந்ததில்லை. முதல்நாள் காவலாளி, துப்புரவு வேலைக்கு வந்தவர் என்று நினைத்துப் பின்கதவைக் காட்டினாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

நான் மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் அதே நிறுவனத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வேலை கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் தனித்திருந்த அம்மாவை, போதிய வருமானம் காட்டி ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். நேர்முகத்தில் தோற்றேன். “கண்ணைப் பார்க்கிறானில்லை, எதையோ ஒளிக்கிறான்” என்றார்களாம். பெரியவர்கள் முன் நிலத்தைப் பார்ப்பதுதானே எங்கள் பழக்கம்!

அக்கா கூப்பிட்டு விசாரித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“எங்கடை அப்பாவும் வெள்ளைக்காரருக்கு முன்னாலை இப்பிடித்தான் நிண்டவர். அது பயம்.”

“எங்களுக்கு இது மரியாதை, மேடம்.”

“அப்ப அந்த மரியாதையை என்ரை முகத்தைப் பார்த்துத் தா.”

பிறகு மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் அதே பயிற்சிதான். கண் கீழே போனால் மேசையில் தட்டுவார். அடுத்த நேர்முகத்துக்கு அவர் வரவில்லை; “நீயா வெல்லு” என்றார். வென்றேன்.

அம்மா வந்திறங்கிய அன்று அக்காவும் விமான நிலையத்தில் நின்றார். போனில் அவர் கதையையே கேட்டிருந்த அம்மா, என்னை விட்டுவிட்டு அவரைத்தான் முதலில் கட்டிப்பிடித்தார். “இவள் என்ரை மூத்த பிள்ளை” என்றார். அன்றிலிருந்து மேடம் எனக்கு அக்கா.

பொல்லாத புற்றுநோய் அவரைப் படுக்கையில் போட்டபோது அம்மா நாளும் கஞ்சி கொண்டுபோனார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் ஓயாமல் கதைத்தார்கள்.

அன்போடு பார்த்த தாதியருக்கும், கொட்டும் பனியில் வந்த வேலைத்தள நண்பர்களுக்கும், தேவாலயத்தில் எங்களைக் குடும்ப வரிசையில் இருத்திய அக்காவின் உடன்பிறந்தாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இறுதிச் சடங்கன்று சவப்பெட்டியை மூடுமுன் நான் தலைகுனிந்து நின்றேன். அம்மா முழங்கையால் இடித்தார்.

“நிலத்தை ஏன் பாக்கிறாய்? அவள் உனக்கு என்ன சொல்லித் தந்தவள்?”

நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். “போயிட்டு வாங்கோ, அக்கா” என்றேன்.

— தம்பி