மூத்தவளுக்கு ஒரு கட்டம்

செத்து நூறு வருஷம் ஆனவள் மேல் எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் அங்கே கடிதம் போட்டிருந்தாள். அவளுடைய பாட்டிக்குப் பாட்டி, குதிரை வியாபாரியான புருஷனோடு கப்பலேறி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காய்ச்சலில் செத்தாளாம். கல்லறை இருக்கிறதா, பெற்றோர் பெயர் ஏதும் அதில் உண்டா, பார்த்துச் சொல்ல முடியுமா? இங்கிலீஷ் தெரிந்தவர் என்று ஹெட்மாஸ்டர் கடிதத்தை இவர் கையில் கொடுத்துவிட்டார். வந்தது வினை.

ஞாயிறு விடிந்தால் பஸ் ஏறிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் முள்ளை வெட்டுவார், கல் கல்லாகக் கழுவிப் படிப்பார். அங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான் என் பிறந்த வீடு. ஒருநாள் எட்டிப் பார்த்தது கிடையாது. கடிதத்தோடு வந்த அந்தச் செத்தவள் படம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஏறியது. எங்கள் கல்யாணப் படம் பெட்டிக்குள் கிடந்தது.

"என்ன மதினி, அண்ணனுக்கு வெள்ளக்காரி சகவாசமாம்லா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு சீண்டுவாள்.

கடைசியில் கல் கிடைத்தது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் மகள் பிறந்தபோதுகூட இல்லை. ஆஸ்திரேலியக்காரி நன்றி எழுதி, நாங்களும் எங்கள் வம்சத்தை எழுதிவைக்கலாமே என்று வெற்றுக் கட்டங்கள் போட்ட தாள் ஒன்றை அனுப்பினாள். இவர் தன் பக்கத்தை மளமளவென்று நிரப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்னப் பெத்த அம்மா பேரு என்னட்டி?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறார்!

"அந்த வெள்ளக்காரிக்கு ஆத்தா, பாட்டி அம்புட்டுப் பேரும் தெரியும். எங்கம்மா பேரு இப்பத்தான் வேணுமாக்கும்?" என்று கத்தினேன்.

எனக்கும் தெரியாது என்பதால்தான் அந்தக் கத்தல். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். பிறகு வந்த சித்திக்கு அந்தப் பெயர் காதில் விழக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'மூத்தவ'தான். சின்ன வயதில் கேட்டு அகப்பையால் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லாமல் நகரமாட்டேன் என்று எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி முறத்தை வைத்தாள். தாலிக் கயிற்றை வெளியே இழுத்து, அதில் தனியாகக் கோத்திருந்த சின்னப் பொன்குண்டைக் காட்டினாள். இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தவள் பேரில் கட்டிக்கொள்ளும் குண்டு அது.

"முப்பது வருசமா இவளக் கழுத்துல சுமக்கேன். காலையில எந்திரிச்சதும் இவளத்தான் கண்ணுல ஒத்தணும். ஒங்கப்பா மனசுலயும் இவதான். எனக்கா பேரு மறக்கும்?"

சொன்னாள். எழுதிக்கொண்டேன். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. செத்தவள் மேல் எரிச்சல் என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியுமே.

சித்தி அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, அதுல எனக்கு ஒரு கட்டம் இருக்கா?"

அம்மாவுக்கு என்று ஒரே ஒரு கட்டம்தான் போட்டிருந்தது.