உபவாசத்தால் குறைந்த எடை அல்ல

ஈஸ்டர் முடிந்து நடந்த நம் சபைப் பெண்கள் கூட்டத்தில், உபவாசத்தால் கர்த்தர் என் எடையைக் குறைத்தார் என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது பொய். அந்தப் பொய் என்னைக் கொல்லப் பார்த்தது. அதைத் திருத்திச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சின்னமனூரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு உடம்பு பெருத்துவிட்டது. "பெரிய அண்டாவத் தேடவே வேண்டாம், அக்காவே இங்கன உக்காந்திருக்காக" என்று வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். சிரித்து வைப்பேன். வீட்டுக்குப் போய் அழுவேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்கள் தொடங்கியபோது, செல்போன் விளம்பரத்தைப் பார்த்து, மூலிகை மாத்திரை என்று ஒரு டப்பா வரவழைத்தேன். உபவாசக் காலத்தில் மெலிந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் புத்தி அப்படிப் போனது. நாற்பது நாளில் பதினான்கு கிலோ இறங்கியது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தால், ஜெபத்தில் ஆண்டவர் தொடுகிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கூட்டத்தில் சாட்சி சொன்ன பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து படியிறங்கும்போது விழுந்துவிட்டேன். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்விழித்தேன். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல டாக்டர், உபவாசத்துலதான் எளச்சா" என்றார். அதிலும் எவ்வளவு பெருமை! நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் சுகமாக்கும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். படபடப்பு கூடியது. பிறகு ஜெபிக்கவும் தெம்பில்லை. "என்னால் முடியவில்லை, நீரே பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

மறுநாள் காலை என் நாத்தனார் செல்வி பார்க்க வந்தாள். சர்க்கரை நோய்க்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவள். உதடு காய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி ஆச்சு ஒனக்கு?"

"உங்க சாட்சியக் கேட்டுத்தான் மதினி. ரெண்டு நாளா வெறுந்தண்ணிதான். உங்களுக்கு எடைய எறக்குனவரு எனக்குச் சர்க்கரைய எறக்க மாட்டாரா?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. "டாக்டரக் கூப்பிடு. என் கைப்பையில ஒரு டப்பா இருக்கு."

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கலந்திருக்குன்னே போடலையேம்மா. கொழுப்பு மட்டுமா கொறஞ்சுச்சு? உடம்புல இருந்த உப்புச்சத்தும் போயிருச்சு. அதான் இதயம் தடுமாறுது. இன்னும் மறைச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிக் கிடந்த செல்வியையும் உடனே படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்டா மாதிரியே இருந்துட்டுப் போ. நீ இருந்தாப் போதும்" என்றார். சத்தம்போட்டு அழுதேன்.

நான் சுகத்தைத்தான் கேட்டேன். ஆண்டவர் செல்வியை அனுப்பி முதலில் என் வாயைத் திறந்தார். சுகம் அதன் பின்னால் வந்தது. எடை பாதி திரும்பிவிட்டது. படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் இருக்கிறேன், அவருக்கு ஸ்தோத்திரம்.

சகோதரிகளே, உங்களில் யார் கைப்பையிலாவது அப்படி ஒரு டப்பா இருந்தால், ஆண்டவரை நம்பி அதை டாக்டர் முன்னால் எடுத்து வையுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இந்தச் சாட்சிக்குக் கைதட்ட வேண்டாம்.