மூன்றாவது கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். எதிரே முதலாளி செல்லமுத்து. மேஜையில் ஒரு டிராயிங். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதானா?

துவைத்தால் துணி சுருங்காமல் இருக்கப் பதப்படுத்தும் காம்பேக்டிங் மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. அதை வேலம்பாளையத்துப் புது ஷெட்டுக்கு மாற்றப் போகிறார்கள். மெஷினோடு வந்த டிராயிங் எப்போதோ தொலைந்துவிட்டது. ஆகவே அடியில் உள்ள போல்ட் ஓட்டைகளை அளந்து, அதே இடைவெளியில் புது ஷெட் காங்கிரீட்டில் எட்டு போல்ட் பதிக்க வேண்டும். அளவு தப்பினால் மெஷின் உட்காராது. காங்கிரீட்டை உடைக்க வேண்டியதுதான்.

வரைந்தவர் கையெழுத்து இருந்தது. சரிபார்த்தவர் கையெழுத்தும் இருந்தது. மூன்றாவது கட்டம், ஒப்புதல் தரும் இன்ஜினியரான எனக்கு.

"ஏனுங்க சார், ஷெட்டுல காங்கிரீட் லாரி வந்து நிக்குதுங்க. ஒரு கையெழுத்துதானுங்களே!" என்றார் செல்லமுத்து.

ஒரு கையெழுத்துதான்... ஆனால் என் கையெழுத்தாயிற்றே! ஆரம்பத்தில் நானும், மேலே இரண்டு பேர் போட்டிருக்கிறார்களே என்ற தைரியத்தில் போட்டவன்தான். அந்த இரண்டு பேரும், கீழே நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் போட்டிருந்தார்கள். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி ஒழுகிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

டிராயிங்கைப் பார்த்தேன். 3048. 1524. 762.

எங்கேயோ இடித்தது. வெளிநாட்டு மெஷின். அதைச் செய்தவர்கள் மில்லிமீட்டரில் யோசிப்பவர்கள். ஆனால் 3048 மில்லிமீட்டர் என்பது அச்சு அசலாகப் பத்தடி. 1524 ஐந்தடி. அப்படியென்றால்... யாரோ அங்குலத்தில் அளந்து, கால்குலேட்டரைத் தட்டி மாற்றியிருக்கிறார்கள்!

வரைந்த பிரான்சிஸைக் கூப்பிட்டேன். நெல்லைக்காரர், வேலையில் சுத்தம். "எதுல அளந்தீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்தார். "ஸ்டீல் டேப்பு புது ஷெட்டுல இருந்துச்சு சார். மாடில செக்கிங் டேபிள்ல இத வாங்கிக்கிட்டேன். நாலு தடவ அளந்தேம்லா... ஒரு நூல் மாறல."

எப்படி மாறும்? தப்பான டேப் நாலு தடவையும் ஒரே தப்பைத்தானே சொல்லும்!

என் பையில் ஸ்டீல் டேப் இருந்தது. மூவரும் பக்கத்து ஹாலுக்குப் போய் மெஷினுக்கு அடியில் குனிந்தோம். பத்தடி என்று வரைந்திருந்த இடத்தில் 3075. ஓர் அங்குலத்துக்கும் மேலே வித்தியாசம்! இழுத்து இழுத்து அளந்ததில் தையல் டேப் நீண்டு போயிருக்கிறது. நீண்ட டேப் குறைத்துத்தானே காட்டும்? பிரான்சிஸ் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது — பொய் சொல்வானேன்?

"லாரியைத் திருப்பி அனுப்பிருங்க. அளவெல்லாம் மறுபடி எடுத்து, புதுசா வரைஞ்சு வரட்டும். அப்புறம் போடறேன்" என்றேன்.

செல்லமுத்து போன் செய்து லாரியைத் திருப்பினார். பிறகு அந்தத் தையல் டேப்பை வாங்கி, என் ஸ்டீல் டேப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அறுபது அங்குலத்தில் அரை அங்குலம் அதிகம்.

"பிரான்சிஸு... இதுலதான் மாடில பனியன் அளக்கறாங்களாங்க?"

"ஆமா சார். காலைல இருந்து நான் வாங்குற வரைக்கும் இதுலதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

மாடியில் வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பெட்டிகளை ஒட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி ஓடினார்.

அடுத்த நிமிஷம் குரல் கீழே வரை கேட்டது. "ஆரும் எதையும் பாஸ் பண்ணாதீங்க! அத்தனையும் மறுக்கா அளக்கோணும்!"